குதிரை மேல் ஏறாத முதல் நாள்

(காட்சி: காலை வெயில். மரவேலிக்குள் பழுப்பு நிறப் பெட்டைக் குதிரை ஒன்று. வேலியோரம் ஆறு பேர், ஆளுக்கொரு கயிற்றோடு.)

வணக்கம். குதிரைப் பயிற்சி என்று பணம் கட்டிச் சேர்ந்தேன். முதல் நாள் சேணத்தைக் கண்ணிலேயே காட்டவில்லை. பன்னிரண்டடிக் கயிறு ஒன்றைக் கையில் கொடுத்து, "போய் அது பக்கத்தில் நில்லுங்கள், போதும்" என்றார் பயிற்சியாளர். கட்டின காசு போச்சா என்றுதான் முதலில் தோன்றியது.

நம்மில் பலருக்குக் குதிரைச் சவாரி என்றால் மெரினா மணலும் கொடைக்கானல் ஏரிக்கரையும்தான். குதிரைக்காரர் பிடித்துக்கொண்டு நடப்பார், நாம் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்குவோம். 'நேச்சுரல் ஹார்ஸ்மன்ஷிப்', அதாவது குதிரையை அடக்காமல் அதன் இயல்பை ஒட்டிப் பழக்கும் முறை. அந்த வகுப்பு அப்படியே தலைகீழ். நான் போனது கலிபோர்னியாவில் ஒரு பண்ணைக்கு, இரண்டு நாள் வகுப்பு. முதல்முறை போகிறவருக்கு அங்கே என்ன நடக்கும் என்பதுதான் இந்த வீடியோ.

(காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் படம். துள்ளும் குதிரை, தொங்கிக்கொண்டிருக்கும் ஆள்.)

புதுக் குதிரையைச் சவாரிக்குத் தயார் செய்வதை ஆங்கிலத்தில் 'பிரேக்கிங்' என்பார்கள். உடைப்பது என்று அர்த்தம். பேருக்கேற்ற வேலைதான்: கட்டிப்போட்டு, சேணத்தை ஏற்றி, துள்ளி ஓயும் வரை விடமாட்டார்கள். தமிழில் நமக்கு 'அடக்குவது' என்றும் ஒரு சொல் உண்டு, 'பழக்குவது' என்றும் ஒன்று உண்டு. அமெரிக்க மேற்குப் பகுதியில் மாட்டுப் பண்ணைகளில் வேலை பார்த்த சிலர் முதல் சொல்லை விட்டு இரண்டாவதுக்கு வந்தார்கள். ஒரேகனில் 1910இல் பிறந்த டாம் டோரன்ஸ் அவர்களில் முக்கியமானவர். அவரிடம் கற்ற ரே ஹன்ட் ஊர் ஊராகப் போய் வகுப்பு எடுத்தார். பேட் பரெல்லி அதைப் படிப்படியான பாடத்திட்டமாக்கி, 'நேச்சுரல் ஹார்ஸ்மன்ஷிப்' என்ற பெயரையும் பிரபலமாக்கினார். இன்னொரு அமெரிக்கப் பயிற்சியாளரான மான்ட்டி ராபர்ட்ஸை 1989இல் எலிசபெத் ராணியே வின்ட்சர் அரண்மனைக்கு அழைத்து, அவர் முறையைச் செய்துகாட்டச் சொன்னார். சரி, வரலாறு போதும், வேலிக்குள் போவோம்.

(காட்சி: குதிரையின் தலை, மேலிருந்து. இரு பக்கமும் பார்வை விரியும் வரைபடம்.)

குதிரைக்குக் கண்கள் தலையின் பக்கவாட்டில். ஏறக்குறைய 350 டிகிரி பார்க்கும். தெரியாத இடம் இரண்டே: நெற்றிக்கு நேர் முன்னால், வாலுக்கு நேர் பின்னால். நாமோ ஆசையாய் நேரே போய் நெற்றியைத்தான் தடவப் பார்ப்போம். நானும் அதைத்தான் செய்தேன். குதிரை தலையை வெடுக்கென்று தூக்கியது. பக்கவாட்டில், தோள் பக்கமாகப் போக வேண்டும். அவசரமில்லாமல் போக வேண்டும். புறங்கையை நீட்டினால் முகர்ந்து பார்க்கும். அப்புறம்தான் தொடுவது.

அடுத்தது ஹால்டர். கயிற்றாலேயே முடிந்த தலைக்கயிறு, வாய்க்குள் இரும்பு எதுவும் போகாது. மாட்டுவது எளிது, முடிச்சில்தான் எல்லாரும் தடுமாறுவோம். கயிற்றின் நுனி குதிரையின் கண்ணைப் பார்த்து நிற்கக்கூடாது, கழுத்துப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். நான் மூன்று முறை தப்பாகப் போட்டேன். அது பாட்டுக்கு நின்றது. என்னைவிடப் பொறுமைசாலி.

ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்கிறேன். மிச்சக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மடித்துப் பிடியுங்கள். நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள பிராணி திடீரென்று மிரண்டு ஓடினால், சுற்றின கயிறு விரலை இறுக்கும்.

(காட்சி: கையும் கயிறும், மிக அருகில்.)

முதல் பாடம், குதிரையைப் பின்னால் நகர்த்துவது. இழுக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. எதிரே நின்று முதலில் விரலை மட்டும் ஆட்டுவோம். நகரவில்லையா? மணிக்கட்டை ஆட்டினால் கயிறு லேசாக நெளியும். அதற்கும் இல்லையென்றால் முழங்கை. கடைசியில்தான் முழுக்கை. ஒவ்வொரு படியிலும் குதிரைக்கு யோசிக்க நேரம் கொடுக்க வேண்டும்.

நான் முழங்கை வரை போனேன். குதிரை ஓரடி பின்வாங்கியது. வந்த சந்தோஷத்தில் இன்னும் ஆட்டினேன். தலை மேலே போனது, காதுகள் பின்னால் சாய்ந்தன, உடம்பைத் திருப்பிக்கொண்டு விலகப் பார்த்தது. பயிற்சியாளர் கையைக் காட்டி நிறுத்தினார்: "நீங்கள் கேட்டீர்கள், அது கொடுத்தது. அதற்கு அப்புறமும் ஏன் கத்துகிறீர்கள்?"

விஷயமே இங்கேதான் இருக்கிறது. கயிறு ஆடுவதிலிருந்து குதிரை எதையும் கற்பதில்லை. ஆடுவது நின்றதும்தான், 'ஓ, இதைத்தான் கேட்டார்களா' என்று பிடித்துக்கொள்கிறது. நிறுத்துவது ஒரு விநாடி தள்ளிப்போனாலும் பாடம் மாறிவிடும். ஆகவே அடி எடுத்து வைக்கும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. உடம்பின் எடை பின்னங்காலுக்குச் சாய்கிறதே, அப்போதே கையைத் தொங்கவிட வேண்டும். அடுத்த முறை அதைக் கவனித்தேன். முன்னந்தோள் துளி பின்னால் போனது, விட்டேன். கண் தாழ்ந்தது, வாயை மென்றது. பத்து நிமிடத்தில் விரலை ஆட்டினாலே போதும் என்றாகிவிட்டது.

வாயை மெல்வதைப் பார்த்தால், "புரிந்துகொண்டது" என்பார்கள் பயிற்சியாளர்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பதற்றத்தில் வறண்ட வாயில் மறுபடி எச்சில் ஊறுவதும் காரணமாக இருக்கலாம்.

(காட்சி: சுமார் ஐம்பது, அறுபது அடி விட்டமுள்ள வட்ட வேலி. உள்ளே குதிரை ஓடுகிறது.)

இரண்டாம் நாள் 'ரவுண்ட் பென்', அதாவது இந்த வட்ட வேலிக்குள் பயிற்சி. குதிரையை வட்டமாக ஓடவிட்டு, அதன் உடல்மொழி தளர்ந்ததும் ஆள் திரும்பி நிற்பார். குதிரை தானாக வந்து தோளருகே நிற்கும், பின்னாலேயே நடக்கும். பார்க்கிறவருக்குப் புல்லரிக்கும். 'நம்மைத் தலைவராக ஏற்றுக்கொண்டது' என்று விளக்கமும் கிடைக்கும். ஆனால் 2012இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே ரிமோட்டில் ஓடும் பொம்மைக் காரை வைத்துச் செய்து பார்த்தார்கள். குதிரைகள் காரின் பின்னால் போகவில்லை, ஆனால் காரைப் பார்த்துத் திரும்பி நிற்கக் கற்றுக்கொண்டன! கார் எந்தக் கூட்டத்துக்கும் தலைவர் இல்லை. எதைச் செய்தால் துரத்தல் நிற்கிறதோ அதைச் செய்கிறது குதிரை, அவ்வளவுதான். முதல் நாள் கயிற்றில் பார்த்த அதே கணக்கு. துரத்துவதும் நெருக்கடிதான் என்பதால், நுரை தள்ள ஓடவிடும் வகுப்பு என்றால் நான் சேரமாட்டேன். பணம் கட்டுமுன் ஒரு நாள் வேலிக்கு வெளியே நின்று பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள்.

மற்றபடி ஹெல்மெட், குதிகால் உள்ள மூடிய ஷூ, கையுறை, நிறையத் தண்ணீர். செருப்போடு போகாதீர்கள், கால்மேல் குளம்பு விழுந்தால் தெரியும்.

(காட்சி: மாலை. வேலிக்கதவு.)

இரண்டாம் நாள் மாலை பதினைந்து நிமிடம் சவாரியும் கிடைத்தது. அப்புறம் இறங்கி, முடிச்சை அவிழ்த்து, ஹால்டரைக் கழற்றினேன். பின்னாலேயே வருமோ என்ற நப்பாசையில் நாலடி நடந்து திரும்பிப் பார்த்தேன். அது வைக்கோலுக்குப் போயிருந்தது.