நுவரெலியாவில் கண்ணாடி, கொழும்பில் இல்லை!

வணக்கம் மக்களே! ஒரு பிளாஸ்டிக். நுவரெலியாக் குளிரில் அது இறுகிய கண்ணாடி. அதையே கொழும்பு வெயிலுக்குக் கொண்டுபோனால் கண்ணாடித் தன்மையே போய்விடும். ஒரே நிபந்தனை, அது மெல்லிசாக இருக்க வேண்டும். தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லிசாக!

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுவோம். உருகிய பொருள் குளிரும்போது மூலக்கூறுகள் வரிசைகட்டாமல், தாறுமாறாக நின்றபடியே இறுகினால் அது கண்ணாடி. நசுக்கினால் படக்கென்று உடையும் பாலிஸ்டைரீன் கப்பும் இந்த வகைதான். அது இளகத் தொடங்குவது சுமார் 100 பாகையில். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், கொதிநீர்கூட அந்த அளவை எட்டாது.

[திரையில்: சிலிக்கன் தகடு, மேலே மெல்லிய படலம்]

1994இல் கெடி, ஜோன்ஸ், கோரி என்ற மூன்று விஞ்ஞானிகள் பாலிஸ்டைரீனைச் சிலிக்கன் தகட்டில் பூசி அளந்தார்கள். 10 நானோமீற்றர் தடிப்பில் அது இளகத் தொடங்கும் வெப்பநிலை ஏறக்குறைய 25 பாகை இறங்கியிருந்தது. 1996இல் ஃபாரஸ்ட் குழு தகடே இல்லாமல், இரண்டு பக்கமும் காற்றுப் படும் படலத்தை அளந்தது. 29 நானோமீற்றரில் 70 பாகை இறக்கம்! கொழும்பு மத்தியான வெயிலே போதும்.

ஏன் இப்படி? லீவு நாளில் பதுளை ரயிலில் ஏறியிருக்கிறீர்களா? நடுவில் மாட்டியவருக்கு மூக்கைச் சொறியக்கூட வழியில்லை. சுற்றி நிற்கிற எல்லோரும் அசைந்தால்தான் அவர் அசையலாம். வாசலில் நிற்பவரைப் பாருங்கள், ஒரு பக்கம் வெறும் காற்று. அவர் கொஞ்சம் விலகினால் பக்கத்தில் இருப்பவருக்கும் இடம் கிடைக்கும். அந்தத் தளர்வு நாலு ஆள் தள்ளிப் போவதற்குள் நின்றுவிடும். சரி, பெட்டியின் அகலமே நாலு ஆள்தான் என்றால்? எல்லோரும் வாசல்காரர்! சிலிக்கனில் பூசிய படலத்துக்கு ஒரு கதவு பூட்டு. தொங்கும் படலத்துக்கு இரண்டும் திறப்பு. அதனால்தான் அதற்கு இறக்கம் அதிகம். இந்த இடம் எனக்கு எத்தனை தடவை யோசித்தாலும் அலுக்காது. ஆனால் விவரங்களில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வாதம் ஓயவில்லை.

அப்புறம், பெர்ஸ்பெக்ஸ் என்கிற இன்னொரு பிளாஸ்டிக். தங்கத்தின் மேல் மெல்லிசாகப் பூசினால் இளகும் வெப்பநிலை இறங்கும். சிலிக்கன் ஒக்சைட் மேல் பூசினால் கொஞ்சம் ஏறும்! அந்தத் தளத்தோடு அது இறுக ஒட்டிக்கொள்கிறது. கம்பியைக் கெட்டியாகப் பிடித்தவர் லேசில் அசைவாரா?

போன் சிப் செதுக்கப் பூசும் படலங்களும் இப்போது இந்தத் தடிப்பை நெருங்கிவிட்டன.

உங்களுக்கு ஒரு கேள்வி. பெர்ஸ்பெக்ஸ் படலத்துக்கு ஒரு பக்கம் தங்கம், மறுபக்கம் சிலிக்கன் ஒக்சைட். வெப்பநிலை ஏறுமா, இறங்குமா? காரணத்தோடு கொமெண்டில் எழுதுங்கள்.