எஸ்பிஎம் வருது, புக்க மூடிட்டு கடிகாரத்த எடுங்க

வணக்கம் வணக்கம், எல்லாரும் பசியாறியாச்சா? நான் இப்ப மலேசியாவுல பினாங்கு பக்கம், பட்டர்வொர்த் ஃபெர்ரி ஜெட்டி பக்கத்துல காடிய நிப்பாட்டிட்டு உக்காந்திருக்கேன். வீட்ல வீடியோ எடுக்க முடியல, வீட்ல ஒருத்தன் எஸ்பிஎம் எழுதப் போறான், அதான் படிவம் 5 முடிவுல வர்ற அரசாங்கப் பரீட்ச, நான் வாயத் தொறந்தாலே சின்னம்மா சத்தம் சத்தம்னு கத்துறான். அக்கா மகன். பினாங்கு தீவுல டியூஷன் முடிஞ்சு ஃபெர்ரில வருவான், அவன ஏத்திட்டுப் போகணும், அதுவரைக்கும் கொஞ்சம் நேரம் கெடச்சிருக்கு. ஏசி போட்டா உங்களுக்கு நான் பேசுறது கேக்காது, ஆஃப் பண்ணிட்டேன், வேர்த்து ஊத்தும், கண்டுக்காதீங்க.

போன வீடியோக்கு அப்பறம் நெறைய அம்மாமாருங்க மெசேஜ் போட்டிருந்தீங்க, டீச்சர் எந்த ஒர்க்புக் நல்லா இருக்கும், எந்த டியூஷன்ல போடலாம்னு. பத்துல எட்டு மெசேஜ் இதான். நான் ஒன்னு சொல்றேன் கோச்சுக்காதீங்க, உங்க வீட்ல ஏற்கெனவே இருக்குற ஒர்க்புக்ல பாதி இன்னும் தொடாம புதுசா இருக்கும், போய் எடுத்துப் பாருங்க. புக்கு பிரச்சன இல்ல. புள்ளைங்க படிக்குதுங்க, ஆனா உக்காந்து எழுதிப் பாக்குறதில்ல.

இருங்க, இதக் காட்டுறேன். தெரியுதா? கொஞ்சம் கிட்ட வைக்கிறேன். இது ஓஎம்ஆர் பேப்பர், விடைய பென்சில்ல ஷேட் பண்ற தாள், நான் வீட்ல பிரிண்ட் எடுத்தது. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி சனிக்கிழம காலையில நம்ம ஆளுக்கு ஒரு மாநிலத்தோட பழைய ட்ரையல் பேப்பர், அதாவது மாதிரிப் பரீட்ச தாள் குடுத்தேன், மேத்ஸ் கெர்த்தாஸ் 1, மொதத் தாள். 40 கேள்வி, ஒன்றர மணி நேரம், அதாவது ஒரு கேள்விக்கு 2 நிமிஷம் 15 செகண்ட். சமையக்கட்டு மேசையில உக்கார வச்சேன், எங்கக்கா பக்கத்துல சம்பல் கிண்டிட்டு இருக்கா, இவன் இருமிக்கிட்டே எழுதுறான். ஒரு மணி பத்து நிமிஷத்துல முடிச்சிட்டு எந்திரிச்சு ராஜா மாதிரி வந்து நீட்டுறான், ஈஸி லா சின்னம்மான்னு.

திருத்திப் பாத்தா 40க்கு 20. பையன் மொகம் அப்படியே சுண்டிப் போச்சு. எனக்கும் நம்ப முடியல, ஏன்னா அவன் மேத்ஸ்ல மோசம் கெடையாது. அப்பறம் கேள்வித்தாள வாங்கிப் பாத்தா, அதுல அவன் வட்டம் போட்ட விடை முக்காவாசி சரியாத்தான் இருக்கு. என்ன ஆச்சுன்னா 18வது கேள்வி தெரியல, அப்பறம் வரலாம்னு விட்டுட்டான், ஆனா 19வது கேள்வியோட விடைய 18வது வரியில ஷேட் பண்ணிட்டான், அதுல இருந்து எல்லாம் ஒரு படி மேல ஏறிப் போச்சு. இதுல கொடும என்னன்னா கடைசியில 40வது வரி காலியா இருந்திருக்கு, அதப் பாத்தாவது முழிச்சிருக்கலாம், இவன் என்ன பண்ணியிருக்கான், ஆ இதுதான் நாம விட்ட கேள்வி போலன்னு நெனச்சு குருட்டாம்போக்குல ஒரு பி ஷேட் பண்ணிட்டு எந்திரிச்சிட்டான்! ஒரு வரி எறக்கி வச்சு திருத்துனேன், 34. 20 எங்க 34 எங்க. கையில 20 நிமிஷம் மிச்சம் வேற.

இது பாடம் தெரியாம போன மார்க் இல்ல. இதுக்கு இன்னொரு ஒர்க்புக் வாங்கிக் குடுத்தா சரியாவுமா சொல்லுங்க.

இப்ப அவனுக்கு நான் வச்சிருக்குற சட்டம் இதான், ஒவ்வொரு பத்தாவது கேள்விக்கும் கேள்வித்தாள் நம்பரும் ஓஎம்ஆர் நம்பரும் ஒன்னா இருக்கான்னு வெரல வச்சுப் பாக்கணும். தெரியாத கேள்வி வந்தா விட்டுட்டுப் போகக் கூடாது, ஏதோ ஒன்ன அப்பவே ஷேட் பண்ணிட்டு கேள்வித்தாள்ல ஒரு புள்ளி வச்சிட்டுப் போகணும், நேரம் இருந்தா திரும்பி வரலாம். எஸ்பிஎம் அப்ஜெக்டிவ்ல தப்பா எழுதுனா மார்க் கொறைக்க மாட்டாங்க, அதனால காலியா விடுறதுல ஒரு புண்ணியமும் இல்ல.

பெரியவங்களுக்கு ஒன்னு சொல்லணும். நம்ம காலத்துல 6ஆம் வகுப்புல யூபிஎஸ்ஆர், அப்பறம் படிவம் 3ல பிஎம்ஆர் எழுதுனோம், எஸ்பிஎம் வர்றப்ப ரெண்டு தடவ மண்டபத்துல உக்காந்து கை நடுங்கி முடிச்சிட்டோம். இவங்களுக்கு அது இல்ல. 2020ல கோவிட்னால யூபிஎஸ்ஆர் நடக்கல, 2021ல அதையே எடுத்துட்டாங்க, 2022ல, பிஎம்ஆருக்குப் பதிலா வந்த பிடி3யும் போச்சு. யூஆசான்னு வருஷ முடிவுப் பரீட்ச இருக்குதான், ஆனா அது சொந்த ஸ்கூல்ல தெரிஞ்ச டீச்சர் முன்னாடி எழுதுறது. ஆங்கா கிலிரான், அதாவது பரீட்ச நம்பரு மேசையில ஒட்டி, வெளி ஸ்கூல் டீச்சருங்க நடந்துக்கிட்டே இருக்க, நாடு முழுக்க ஒரே நேரத்துல எழுதுற பரீட்ச அவங்களுக்கு இதுதான் மொதத் தடவ. யூபிஎஸ்ஆர எடுத்தது நல்லதா கெட்டதான்னு நான் இங்க சண்ட போட வரல, 11, 12 வயசுல அந்தப் புள்ளைங்கள நாம படுத்துன பாடு எனக்குத் தெரியும். ஆனா பழக்கம் இல்லாததுக்கு நாமதான் வீட்ல பழக்கிக் குடுக்கணும்.

அடுத்தது செஜாரா, வரலாறு பாடம். ஐயோ செஜாரா. 2013ல இருந்து செஜாரா பாஸ் பண்ணலன்னா சர்ட்டிஃபிகேட்டே கெடையாது, பிஎம், அதான் மலாய் மொழிப் பாடத்துக்கும் அதே கததான். மத்த பாடமெல்லாம் ஏ வாங்கி செஜாராவுல ஜி, அதாவது ஃபெயில் வாங்குனா கையில சர்ட்டிஃபிகேட் வராது. அதனால புள்ளைங்க பயந்து போய் புக்க மஞ்சள், பச்ச, பிங்க்னு ஹைலைட்டர்ல தீபாவளி கோலம் மாதிரி அடிச்சு வச்சிருக்குங்க. அஞ்சு தடவ வாசிச்சிட்டேன் டீச்சர்னு சொல்லும். வாசிச்சா தெரிஞ்ச மாதிரியே இருக்கும், அதான் ஆபத்து.

அமெரிக்காவுல ரோடிகர், கார்ப்பிக்னு ரெண்டு பேரு 2006ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரே பகுதிய ஒரு கூட்டம் திரும்பத் திரும்ப வாசிச்சிச்சு, இன்னொரு கூட்டம் ஒரு தடவ வாசிச்சிட்டு மூடி வச்சு ஞாபகத்துல இருந்து எழுதிப் பாத்துச்சு. 5 நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சா வாசிச்சவங்கதான் மேல. ஒரு வாரம் கழிச்சு வச்சா அப்படியே தலகீழ், எழுதிப் பாத்தவங்களுக்கு பாதிக்கு மேல ஞாபகம், 56 சதவீதம், வாசிச்சவங்களுக்கு 42தான். எஸ்பிஎம் 5 நிமிஷம் கழிச்சு வர்றதில்ல, புரியுதா?

சரி எப்படி எழுதிப் பாக்குறதுன்னா, மலாயன் யூனியன எடுத்துக்குவோம், பிரிட்டிஷ்காரங்க கொண்டு வந்த ஆட்சி முற, 1946 ஏப்ரல் 1ல வந்துச்சு, 1948 பிப்ரவரி 1ல மலாயா ஃபெடரேஷன் வந்ததும் போயிருச்சு. மலாய்க்காரங்க ஏன் எதிர்த்தாங்க? புக்க மூடுங்க. ஒரு வெறும் பேப்பர்ல எழுதுங்க. சுல்தான்களோட அதிகாரம் போச்சு, ஒன்னு. ஜுஸ் சோலி, அதாவது இங்க பொறந்தாலே குடியுரிமைன்னாங்க, ரெண்டு. பிரிட்டிஷ் அரசாங்கம் அனுப்புன மக்மைக்கேல் வந்து சுல்தான்களக் கட்டாயப்படுத்தி கையெழுத்து வாங்குனாரு, மூனு. அவ்வளவுதான் வருதா? பரவால்ல, இப்ப புக்கத் தொறந்து விட்டுப் போனத சிவப்புப் பேனாவுல சேருங்க. மூனு நாள் கழிச்சு திரும்பவும் அதே கேள்வி, திரும்பவும் வெறும் பேப்பர். சிவப்பு கொறைஞ்சுக்கிட்டே வரும்.

அதுலயும் இன்னொரு ஓட்ட இருக்கு. கேள்வியோட மொத வார்த்த. ஞாத்தாகான்னா சும்மா சொன்னாப் போதும், ஒரு வரி. ஹுராய்கான்னா விஷயத்தச் சொல்லி, அது ஏன், எப்படின்னு விரிச்சு, உதாரணம் குடுக்கணும். நம்ம புள்ளைங்க உல்டாவா பண்ணுதுங்க, ஞாத்தாகானுக்கு ஒரு பக்கம் எழுதும், ஹுராய்கானுக்கு ரெண்டு பாயிண்ட் போட்டுட்டு அடுத்ததுக்கு ஓடிரும். பேனா எடுக்குறதுக்கு முன்னாடி அந்த ஒரு வார்த்தைய வட்டம் போடச் சொல்லுங்க, பக்கத்துல எத்தன மார்க்குன்னு பாக்கச் சொல்லுங்க. தமிழ்ப்பள்ளியில இருந்து வந்த புள்ளைங்களுக்கு பல நேரம் செஜாரா தெரியாம இல்ல, மலாய்ல கேட்ட வார்த்தைக்கு சரியா பதில் சொல்லத் தெரியல, அவ்வளவுதான்.

இங்கிலீஷ்லயும் இதே கததான். ரைட்டிங் பேப்பர் 90 நிமிஷம், மூனு பகுதி, மூனுக்கும் 20, 20 மார்க்தான். மொதப் பகுதி ஒரு குட்டி ஈமெயில், 80 வார்த்த. கடைசி கட்டுர 200ல இருந்து 250. என்கிட்ட படிச்ச ஒரு பொண்ணு அந்த ஈமெயிலுக்கு 200 வார்த்த எழுதுவா, அழகா எழுதுவா, நாவல் மாதிரி இருக்கும், கடைசிக் கட்டுரைக்கு 20 நிமிஷம்தான் இருக்கும். எத்தன தடவ சொன்னேன் தெரியுமா. கடைசியில வாயால சொல்றத விட்டுட்டு அடுப்படி டைமர வாங்கி மேசையில வச்சேன், 15 நிமிஷம் ஆனதும் கிர்ர்ருன்னு அடிக்கும், அடிச்சா பேனாவக் கீழ வச்சிட்டு அடுத்த பக்கம் திருப்பணும். மொத வாரம் அழுதா. மூனாவது வாரம் டைமர் அடிக்குறதுக்கு முன்னாடியே திருப்பிட்டா.

மேத்ஸ் கெர்த்தாஸ் 2க்கு கணக்கு சிம்பிள், 150 நிமிஷம் 100 மார்க், ஒரு மார்க்குக்கு ஒன்றர நிமிஷம். 4 மார்க் கேள்வியில 6 நிமிஷத்துக்கு மேல நிக்காதீங்க. காலிகுலேட்டர்ல தட்டி விடைய மட்டும் எழுதாதீங்க, ஜாலான் கெர்ஜா, அதாவது கணக்குப் போட்ட படிகள எழுதுனா கடைசி விடை தப்பானாலும் நடுவுல உள்ள மார்க் கெடைக்கும்.

ஆங், இன்னொன்னு, ரொம்ப பேருக்குத் தெரியல. புள்ளைக்கு டிஸ்லெக்சியா மாதிரி ஏதாவது இருந்தா, எழுத்து மாறி மாறித் தெரியுதுன்னா, ஸ்கூல் மூலமா சிபிகேன்னு, அதாவது சிறப்புத் தேவை உள்ள மாணவர்னு விண்ணப்பிக்கலாம், கூடுதல் நேரம் கேக்கலாம். டாக்டர் ரிப்போர்ட்டெல்லாம் வேணும், அதனால கடைசி மாசத்துல போய் நிக்காதீங்க, வருஷ ஆரம்பத்துலயே டீச்சரப் பாருங்க. பக்கத்து வீட்டுக்குத் தெரிஞ்சிருமேன்னு மறைக்காதீங்க, பக்கத்து வீடா எஸ்பிஎம் எழுதப் போவுது?

டெலிகிராம்ல சோவாலான் ஸ்பாட், அதாவது வரப்போற கேள்வி, லீக்குன்னு காசு கேக்குறானுங்க பாருங்க, அந்தப் பக்கமே போகாதீங்க. அந்தக் காசுக்கு புள்ளைக்கு ரொட்டி சானாய் வாங்கிக் குடுங்க. முந்துன நாள் ராத்திரி ஐசி (அடையாள அட்ட), எக்ஸாம் ஸ்லிப்பு, 2பி பென்சில், ரப்பர், ரெண்டு மூனு பேனா எல்லாத்தையும் மேசையில எடுத்து வச்சிட்டு படுக்கச் சொல்லுங்க. பேனாவக் கோயில்ல வச்சு அர்ச்சன பண்றவங்க தாராளமா பண்ணுங்க, எங்கம்மாவும் பண்ணாங்க, பிள்ளையார் காலடியில வச்ச புத்தம் புதுப் பேனா, மண்டபத்துல தொறந்தா எழுதவே இல்ல. விபூதி உள்ள போயிருச்சா என்னன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. பக்கத்துல கேக்கவும் முடியாது, அப்பறம் கைய தூக்கி டீச்சர்கிட்ட கடன் வாங்குனேன். அர்ச்சன முடிஞ்சதும் வீட்ல ஒரு பக்கம் எழுதிப் பாத்துட்டுக் குடுத்து விடுங்க.

கடிகாரம் சொல்ல மறந்துட்டேனே. ஹேண்ட்ஃபோன் உள்ள கொண்டு போக முடியாது, சுவத்துல இருக்குறது முள்ளுக் கடிகாரம். இந்தப் புள்ளைங்க பொறந்ததுல இருந்து மணிய ஃபோன்லதான் பாக்குதுங்க. நம்ம ஆளு போன வாரம் எழுதிட்டு இருந்தவன் சுவத்தையே முறைச்சுப் பாக்குறான், என்னடான்னா, சின்னம்மா இப்ப பத்தே முக்காலா, பதினொன்னே முக்காலாங்குறான். ஒரு மணி நேரம் வித்தியாசம் லா! அன்னைக்கே பாசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தையில, 15 வெள்ளிக்கு ஒரு முள்ளு வாட்ச் வாங்கிக் குடுத்து, இனிமே மணி கேட்டா அதப் பாத்துத்தான் சொல்லணும், தூங்குறப்ப தவிர கழட்டக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

வர்ற சனிக்கிழம காலையில 8 மணிக்கு அவனுக்கு செஜாரா கெர்த்தாஸ் 1, 40 கேள்வி ஒரு மணி நேரம். உங்க வீட்லயும் அதே நேரத்துல உக்கார வைங்க. டிவி ஆஃப், ஃபோன் உங்க கையில, சம்பல் மட்டும் அப்பறமா கிண்டுங்க.

ஆ, ஃபெர்ரி வந்துருச்சு, ஆளுங்க எறங்குறாங்க. அந்த நீலச் சட்டதான் அவன், பாருங்க பைய எப்படி இழுத்துட்டு வர்றான்னு. டேய், இங்க, இங்க! கையக் காட்டு. அந்தக் கை இல்ல, இந்தக் கை. வாட்ச் எங்கடா?