லட்சம் டாலர் விடுதலை

(திரைப்பட ரசிகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

1956-ம் ஆண்டு காதலர் தினத்துக்கு ஹாலிவுட் நடிகர் ஒருவருக்கு 62,000 வாழ்த்து அட்டைகள் வந்து குவிந்தன. அவர் பெயர் டேப் ஹன்டர். அப்போது வயது 24. இதற்கு ஐந்து மாதம் முன்னால், 1955 செப்டம்பரில், கான்ஃபிடென்ஷியல் என்ற கிசுகிசுப் பத்திரிகை அவரைக் குறிவைத்து ஒரு கட்டுரை போட்டிருந்தது. 1950-ல் ஒரு வீட்டு விருந்துக்குள் போலீஸ் புகுந்து ஆட்களைப் பிடித்தது, அது ஆண்களை விரும்பும் ஆண்களின் விருந்து, பிடிபட்டவர்களில் ஹன்டரும் ஒருவர் என்பதுதான் செய்தி. அன்றைய அமெரிக்காவில் ஒரு காதல் நாயகனைத் தீர்த்துக்கட்ட இது போதும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் சில மாதங்களிலேயே திரையரங்குகள் வழியாக நாடு முழுக்க நடந்த வாக்கெடுப்பில் 'மிக நம்பிக்கை தரும் புதுமுகம்' என்று ரசிகர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அட்டைகளும் வந்தன.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மங்கிப்போன நட்சத்திரம் என்றால் குடி, போதை, அவதூறு என்று காரணங்களைத் தயாராக வைத்திருப்போம். ஹன்டர் விஷயத்தில் அவை எதுவும் செல்லாது. அவரைக் கீழே இறக்கியது ஒப்பந்தத் தாள். அந்தத் தாளில் இருந்த கணக்கைத்தான் இன்று கொஞ்சம் விரிவாகப் பார்க்கப்போகிறோம்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1931 ஜூலை 11, நியூயார்க். ஆர்தர் கெல்ம் என்று பிறந்து, தாய் தந்தையைப் பிரிந்த பிறகு தாய்வழிப் பெயரில் ஆர்ட் கெலியன் ஆனார். பதினைந்து வயதில் வயதைக் கூட்டிச் சொல்லி அமெரிக்கக் கடலோரக் காவல் படையில் சேர்ந்தார். குதிரையேற்றத்திலும் பனிச்சறுக்கு நடனத்திலும் தேர்ந்தவர். நடிப்பு எங்கும் படித்ததில்லை. ஹென்றி வில்சன் என்ற ஏஜென்ட் கையில் வந்ததும் டேப் ஹன்டர் ஆகிவிட்டார். நடிகர்கள் ராக் ஹட்சன், ரோரி கல்ஹூன் எல்லாம் அதே வில்சன் பெயர் சூட்டிய பிள்ளைகள்தான். ஹன்டர் பிறகு வில்சனை விட்டு டிக் கிளேட்டன் என்ற ஏஜென்ட்டிடம் போனார். ராக் ஹட்சனைப் பற்றி இதேபோன்ற செய்தி வராமல் தடுக்க, விலகிப்போன ஹன்டரின் பழைய கைது விவகாரத்தை வில்சனே கான்ஃபிடென்ஷியலுக்குக் கொடுத்தார் என்ற பேச்சு ஹாலிவுட்டில் இன்றுவரை உண்டு.

1955-ல் வந்த 'பேட்டில் க்ரை' படம்தான் அவரை உயரத்தில் ஏற்றியது. ரவுல் வால்ஷ் இயக்கிய போர்ப்படம். வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோ அவரை ஏழாண்டு ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது.

அந்த ஏழாண்டு ஒப்பந்தம் எப்படி வேலை செய்யும் என்று பாருங்கள். ஏழு ஆண்டு என்பது நடிகருக்கு மட்டும்தான். ஸ்டுடியோவுக்கு ஆறு மாதமோ ஓராண்டோதான் பொறுப்பு. ஒவ்வொரு தவணை முடியும்போதும் தொடரலாம், வெட்டிவிடலாம், அது முதலாளி இஷ்டம். வாரச் சம்பளம் உண்டு, ஆனால் ஆண்டின் 52 வாரத்துக்கும் கிடையாது. வழக்கமாக 40 வாரத்துக்குத்தான். மிச்சம் 12 வாரம் சம்பளமில்லா விடுப்பு. கொடுத்த வேடம் பிடிக்கவில்லை என்று மறுத்தால் இடைநீக்கம். முன்பெல்லாம் அந்த இடைநீக்க நாட்களையும் ஒப்பந்தத்தின் வாலில் சேர்த்து நீட்டிக்கொண்டே போவார்கள். நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் இதே வார்னர் மீது வழக்குப் போட்டு, ஏழு ஆண்டு என்றால் காலண்டர் கணக்கில் ஏழு ஆண்டுதான் என்று 1944-ல் தீர்ப்பு வாங்கிய பிறகுதான் அந்த வால் அறுந்தது. ஒழுக்க விதி என்று ஒன்றும் உண்டு: பொதுமக்கள் முகம் சுளிக்கும்படி நடந்தால் அந்த நிமிடமே ஸ்டுடியோ கைகழுவலாம்.

இதில் பணம் எங்கே போகிறது என்றால், இரவலில். வேறு ஸ்டுடியோ நடிகரைக் கேட்டால் பெரிய தொகை பேசிக் கடன் கொடுப்பார்கள். நடிகருக்குப் பழைய வாரச் சம்பளமே வரும், நடுவில் இருக்கும் வித்தியாசம் சொந்த ஸ்டுடியோவின் பெட்டிக்குள் விழும். நடிகரின் புகழ் ஏற ஏற அந்த வித்தியாசம்தான் ஏறும்.

ஒழுக்க விதி கையில் இருந்தும் வார்னர் ஏன் 1955-ல் ஹன்டரைக் கைகழுவவில்லை? லாபம் தரும் சரக்கை யார் தூக்கி எறிவார்கள்? இன்றைய தலைப்புச் செய்தி நாளைக்குக் கழிவறைக் காகிதம் என்று ஸ்டுடியோ முதலாளி ஜாக் வார்னர் தன்னிடம் சொன்னதாக ஹன்டர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஸ்டுடியோவின் விளம்பரப் பிரிவு உடனே வேலையில் இறங்கியது. நடிகை நட்டாலி வுட்டுடன் ஜோடியாக 1956-ல் இரண்டு படங்கள். படத்துக்கு வெளியேயும் அவர்களை ஜோடியாகவே உலவ விட்டார்கள். முதல் காட்சிக்கு ஒன்றாக வருவது, விருந்தில் ஒன்றாக அமர்வது, வாசலில் முன்கூட்டியே நிறுத்திவைத்த புகைப்படக்காரர், அடுத்த மாத ரசிகர் இதழ்களில் 'திருமணம் எப்போது' என்று ஒரு கட்டுரை. பெண்ணுக்குத் துணை, பையனுக்கு மறைப்பு, படத்துக்கு இலவச விளம்பரம். அந்தக் காலத்தில் ஹன்டரின் உண்மையான நெருக்கம் நடிகர் ஆந்தனி பெர்கின்ஸுடன். அது எந்த இதழிலும் வரவில்லை.

இனி 'யங் லவ்' என்ற பாட்டின் கதை. இந்த ஒரு சம்பவத்தைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரிந்துவிடும்.

சோனி ஜேம்ஸ் என்ற கிராமியப் பாடகர் அந்தப் பாட்டைப் பாடிப் புகழடைந்துகொண்டிருந்த நேரத்தில், டாட் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் அதே பாட்டை ஹன்டரைப் பாட வைத்து அவசர அவசரமாக வெளியிட்டது. அன்றைக்கு இது சகஜம். ஒரே பாட்டுக்கு நாலு பேர் குரலில் நாலு தட்டு வரும், எது கடைக்கு முந்துகிறதோ, எதன் உறையில் இருக்கும் முகம் விற்கிறதோ, அது ஜெயிக்கும். ஹன்டர் பெரிய பாடகர் ஒன்றும் கிடையாது. சுருதி விலகாமல், அடக்கமாகப் பாடுவார், அவ்வளவுதான். 1957-ன் தொடக்கத்தில் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் பட்டியலில் ஆறு வாரம் முதலிடம். பிரிட்டனில் ஏழு வாரம்.

ஜாக் வார்னருக்குக் கோபம் தலைக்கேறியது. ஒப்பந்தப்படி ஹன்டரின் குரலும் வார்னருக்குச் சொந்தம். ஆனால் அந்தக் குரலை விற்க வார்னரிடம் இசைத்தட்டு நிறுவனமே இல்லை. பாடிய காசு எதிராளிக்குப் போகிறது. டாட் ரெக்கார்ட்ஸ் முழு ஆல்பம் போட முயன்றபோது வார்னர் குறுக்கே விழுந்து தடுத்தார். 1958-ல் வார்னர் பிரதர்ஸ் ரெக்கார்ட்ஸ் என்று சொந்தமாகவே தொடங்கிவிட்டார். பிற்காலத்தில் பிரின்ஸும் மடோனாவும் பாடிய நிறுவனங்களின் குடும்பம் இங்கிருந்துதான் கிளைவிட்டது. ஹன்டருக்கு அங்கே பெரிய வெற்றி ஒன்றும் அமையவில்லை. புது நிறுவனத்துக்குப் பாட்டைத் தேடி, கருவி சேர்த்துப் பதிவு செய்வதற்குள் ரசிகர்களின் காது வேறு பக்கம் திரும்பியிருந்தது.

இன்னொரு இழப்பு இதைவிட வலிக்கும். 1955-ல் தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பாக ஒரு நாடகத்தில் நடித்தார். மனநோயோடு போராடிய பேஸ்பால் வீரர் ஜிம்மி பியர்சாலின் கதை, 'ஃபியர் ஸ்ட்ரைக்ஸ் அவுட்'. நேரடி ஒளிபரப்பில் தப்பு செய்தால் திருத்த வழியில்லை. அதில் பேர் வாங்கினார். இதையே படமாக எடுக்கலாமே என்று ஆசைப்பட்டார். வார்னர் அசையவில்லை. உரிமையை பாரமவுண்ட் வாங்கியது, 1957-ல் படம் வந்தது. கதாநாயகன் யார் தெரியுமா? ஆந்தனி பெர்கின்ஸ்! பெர்கின்ஸ் அந்தப் படத்தில் கனமான நடிகர் என்று பெயரெடுத்தார். 1960-ல் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்தில் அவர் எங்கே போய் நின்றார் என்பது உங்களுக்குத் தெரியும். வாய்ப்பு திறமையைப் பார்த்துப் போகவில்லை, கதையுரிமை எந்த ஸ்டுடியோவிடம் இருந்ததோ அங்கே இருந்தவருக்குப் போனது.

நல்ல படங்கள் வராமல் இல்லை. 1958-ல் 'டாம் யாங்கீஸ்'. நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் நடித்தவர்களை ஏறக்குறைய அப்படியே திரைக்குக் கொண்டுவந்த படம். கதாநாயகன் ஒருவரை மட்டும் மாற்றி, டிக்கெட் விற்கும் பெயர் வேண்டும் என்று ஹன்டரைப் போட்டார்கள். மேடையில் ஊறிய கூட்டத்துக்கு நடுவே அவர் ஒட்டாமல் தெரிகிறார் என்ற குறை அன்றிலிருந்தே உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. கதையிலேயே அவர் ஒட்டாத ஆள்தானே, சாத்தான் செய்து அனுப்பிய பேஸ்பால் வீரன்.

1959-ல் விலைபேசி வார்னர் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்தார். விடுதலைக்கு அவர் கொடுத்த விலை 1,00,000 டாலர். வாழ்க்கையின் மிக விலையுயர்ந்த தவறு என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. என் கணிப்பில், முடிவு நியாயமானது, நேரம்தான் மோசம். அவர் தன் உடலை மீட்டார். ஆனால் கூட வந்த எதையும் மீட்க முடியவில்லை. 62,000 அட்டைகளை வரவழைத்த விளம்பரப் பிரிவு, ரசிகர் இதழ்களோடு இருந்த உடன்பாடு, தயாராக நின்ற கதாசிரியர்கள், இவை எல்லாம் வார்னர் வளாகத்துக்குள்ளேயே தங்கிவிட்டன. அதே ஆண்டில் ஸ்டுடியோ அதே இடத்தில், அதே பொன்னிறத் தலையோடு ட்ராய் டோனஹ்யூ என்ற நடிகரை நிறுத்திவிட்டது. அச்சு அவர்களிடம் இருந்தது, பொம்மை எது என்பது இரண்டாம்பட்சம்.

1960 செப்டம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சியில் அவர் பெயரிலேயே ஒரு தொடர் வந்தது. மாலிபு கடற்கரையில் வாழும் கார்ட்டூன் ஓவியர் வேடம். ஞாயிறு இரவு எட்டரை மணி. எதிரே சி.பி.எஸ்.-ஸில் எட்டு மணிக்கே தொடங்கிவிடும் எட் சல்லிவனின் பல்சுவை நிகழ்ச்சி. எட்டு மணிக்கு ஒரு சேனலில் உட்கார்ந்த குடும்பம் பாதியில் எழுந்து மாற்றாது. அன்று பெரும்பாலான வீடுகளில் ரிமோட்டும் கிடையாது. 32 வாரக் கதைகளோடு தொடர் நின்றது. அதே ஆண்டு, நாயை அடித்தார் என்று அக்கம்பக்கத்தார் கொடுத்த புகாரில் வழக்கு. ஜூரி அவரை விடுவித்தது. ஆனால் இந்த முறை செய்திகளுக்குப் பதில் சொல்ல அவர் பின்னால் ஒரு விளம்பரப் பிரிவு இல்லை. 1955-ல் பெரிய அவதூறு அசைக்காத ஆளை 1960-ல் சின்ன வழக்கு கறைபடுத்தியது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த 1960-ல் இன்னொன்றும் நடந்தது. திரை நடிகர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. அப்போது சங்கத் தலைவர் ரொனால்ட் ரீகன், பிற்கால ஜனாதிபதியேதான். கோரிக்கை: திரைப்படத்தைத் தொலைக்காட்சிக்கு விற்றால் நடிகருக்கும் பங்கு. ஏப்ரலில் சமரசம் வந்தது. 1960 ஜனவரி 31-க்குப் பிறகு படப்பிடிப்பு தொடங்கிய படங்களுக்குப் பங்கு உண்டு. அதற்கு முந்தியவற்றுக்குக் கிடையாது. பழைய படங்களுக்கு ஈடாக ஸ்டுடியோக்கள் 22.5 லட்சம் டாலரை ஓய்வூதிய, மருத்துவ நிதிக்குக் கொடுத்தன. ஹன்டரின் கணக்கில் வைத்துப் பாருங்கள்: அவர் உச்சத்தில் இருந்த படங்கள் எல்லாமே கோட்டுக்கு அந்தப் பக்கம். தொலைக்காட்சியில் அவை எத்தனை முறை ஓடினாலும் அந்த உடன்பாட்டின்படி அவருக்கு ஒரு சென்ட்டும் இல்லை. பங்கு கிடைக்கும் காலத்தில் வந்தவையோ கடலடிச் சாகசப் படங்கள், ஐரோப்பாவில் எடுத்த கௌபாய் படங்கள் போன்றவை.

1964-ல் நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸின் நாடகத்தில் நடிகை டல்லூலா பேங்க்ஹெட்டுடன் பிராட்வே ஏறினார். ஐந்தே காட்சி. திரை விழுந்தது. அதன் பிறகு அவருக்குச் சோறு போட்டது உண்மையிலேயே சோறு போடும் நாடகம்தான். டின்னர் தியேட்டர் என்பார்கள். சிற்றூர்களில், நெடுஞ்சாலை ஓரத்தில், முதலில் விருந்து, பிறகு நாடகம், ஒரே டிக்கெட். சுவரொட்டியில் ஒரு பழைய நட்சத்திரத்தின் பெயர் வேண்டும். மற்ற வேடங்களுக்கு உள்ளூர் நடிகர்கள். ஒத்திகை குறைவு, ஊர் மாறிக்கொண்டே இருக்கும், முன்வரிசையில் கரண்டிச் சத்தம் அடங்குவதற்குள் முதல் வசனத்தைப் பேசியாக வேண்டும். இதைக் கேவலமாகப் பேசுபவர்கள் உண்டு. நடிப்பே படிக்காமல் வந்தவருக்கு நகைச்சுவையின் நேரக்கணக்கைக் கற்றுக்கொடுத்தது இந்த மேடைகள்தான் என்று தோன்றுகிறது. அது 1981-ல் தெரிந்தது.

பால்டிமோர்க்கார இயக்குநர் ஜான் வாட்டர்ஸ் 'பாலியெஸ்டர்' படத்துக்கு ஹன்டரை அழைத்தார். ஜோடி, பெண் வேடமிடும் நடிகர் டிவைன். படம் பார்க்க வருபவர்களுக்கு ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்ட அட்டை தருவார்கள். திரையில் எண் மின்னும்போது அந்த வட்டத்தைச் சுரண்டி முகர வேண்டும். முதல் எண் ரோஜா. ரோஜாவை நம்பி இரண்டாம் எண்ணைச் சுரண்டியவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், அது வாயு. ஒன்பதாவது, அழுக்குச் செருப்பு. ஐம்பதுகளின் அழகன் என்ற தன் பிம்பத்தையே ஹன்டர் இங்கே சிரிக்காமல் கேலி செய்தார். பெரிய பெயர்கள் ஒதுங்கக்கூடிய வேடத்தை அவர் எடுத்துக்கொண்டதால் ஒரு புதிய தலைமுறை அவரைத் தெரிந்துகொண்டது. அடுத்து, தன் வாழ்க்கைத் துணையான ஆலன் கிளேசருடன் சேர்ந்து 1985-ல் 'லஸ்ட் இன் த டஸ்ட்' படத்தைத் தானே தயாரித்தார். முப்பது ஆண்டு கழித்து, சம்பளக்காரர் முதலாளி ஆனார்.

2005-ல் சுயசரிதை எழுதி, கான்ஃபிடென்ஷியல் என்ற அந்தச் சொல்லையே தலைப்பில் வைத்துக்கொண்டார். 2018 ஜூலை 8 அன்று, 87-வது பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது, சான்டா பார்பராவில் காலமானார்.

அவர் படம் ஒன்று மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்பவர்களுக்குச் சொல்கிறேன்: 'டாம் யாங்கீஸ்' வேண்டாம், 'பேட்டில் க்ரை'யும் வேண்டாம். 1958-ல் வந்த கொலம்பியா ஸ்டுடியோ படம், பில் கார்ல்சன் இயக்கிய 'கன்மேன்ஸ் வாக்' பாருங்கள். வான் ஹெஃப்லின் பண்ணைக்கார அப்பா, ஹன்டர் கெட்டுப்போன மூத்த மகன். வெள்ளைக் குதிரை ஒன்றைத் துரத்தும்போது, போட்டிக்கு வரும் செவ்விந்திய இளைஞனைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு அவர் திரும்பும் காட்சி படத்தின் முற்பகுதியிலேயே வருகிறது. குதிரை மேல் அவர் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள், அது பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்த இருக்கை கிடையாது. முகத்தையும் கவனியுங்கள், ரசிகர் இதழ்களின் அட்டையில் வந்த அதே சிரிப்பைத்தான் கொலைக்குப் பிறகும் போட்டுக்கொண்டிருக்கிறார். நன்றி, கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.