கன்ரீன் தண்ணி எந்தப் பக்கம் போகும்?

வணக்கம் நேயர்களே. எனக்குத் தந்திருப்பது 15 நிமிடம். பல்கலைக்கழக வளாகங்களுக்குப் பெருந்திட்டம் போடுவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கடிதத்தில் எழுதும்போது பெருந்திட்டம், கூட்டத்தில் வாயைத் திறந்தால் மாஸ்டர் பிளான், இரண்டும் ஒன்றுதான். நானும் மாற்றி மாற்றித்தான் சொல்லப்போகிறேன், கோபிக்க வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம், தன் அடுத்த 20 வருடத் திட்டத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்ல ஒரு குழுவைக் கூப்பிட்டது. அதில் நானும் ஒருவன். ஏசி அறை, வடை, பிளேன்ரீ, பெரிய திரை. பருந்து வட்டமிடுகிற மாதிரி வளாகத்தை மேலிருந்து சுற்றிக் காட்டினார்கள், கண்ணாடிக் கட்டடம், நடுவில் நீரூற்று, பச்சைப் புல்தரை, அதில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிற பொன்னிறத் தலைமுடிப் பிள்ளைகள். வரைந்தவருக்குக் கணினிக்குள் கிடைத்த உருவங்கள் அவ்வளவுதான் போல. எல்லாம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகு, பின்வரிசையில் இருந்த பராமரிப்புப் பகுதி மேற்பார்வையாளர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த மனிதர், மெதுவாகக் கையைத் தூக்கினார். "சேர், கன்ரீன் தண்ணி எந்தப் பக்கம் போகும்?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. வரைபடத்தில் கன்ரீன் இருந்தது வளாகத்திலேயே ஆகப் பள்ளமான மூலையில், மாரியில் முழங்காலளவு வெள்ளம் நிற்கிற இடத்தில். கான், அதாவது வடிகால், எங்கே வெட்டுவது, கழிவுநீர் எங்கே போய்ச் சேருவது என்று எந்தத் தாளிலும் ஒரு கோடுகூட இல்லை. அந்த மனிதருடைய கேள்விதான் இன்றைக்கு என் பேச்சு.

ஒரு திட்டத்தில் நான் முதலில் தேடுவது, எங்கே கட்டவே கூடாது என்று அது எழுதி வைத்திருக்கிறதா என்பதை. கட்டடம் வரும், போகும், காசு வந்தால் யாரும் கட்டலாம். கட்டாமல் விடுவதற்குத்தான் திட்டம் தேவை. பேராதனையில் படித்தவன் என்பதால் எனக்கு இந்தப் பித்துப் பிடித்திருக்கலாம், அதை ஒப்புக்கொண்டே பேராதனைக் கதைக்கு வருகிறேன்.

இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இல் சங்கம் அமைத்துக் குரல் கொடுத்தவர்களில் முன்னின்றவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1921இல் கிடைத்தது ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி மட்டும், அதுவும் கொழும்பில். முழுப் பல்கலைக்கழகம் வரட்டும், ஆனால் எங்கே வருவது என்று பிறகு வருடக்கணக்காகச் சண்டை. கொழும்பிலேயே இருக்கட்டும் என்று ஒரு பக்கம், கண்டிக்குப் போகட்டும் என்று மறுபக்கம். கண்டிப் பக்கத்துக்காக வாதாடியவர்களில் டாக்டர் எஸ். சி. போல் என்ற தமிழ் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒருவர். அந்தச் சண்டைக்கு 'இடங்களின் போர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கடைசியில் 1930களின் முடிவில் கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனை என்று தீர்ந்தது. ஒரு பக்கம் ஹந்தானை மலை, ஒரு பக்கம் மகாவலி, நடுவில் தோட்டக் காணி.

திட்டம் போட வந்தவர் பேட்ரிக் அபர்குரோம்பி, கூட கிளிஃபர்ட் ஹொலிடே. குண்டு விழுந்து சிதைந்த லண்டனுக்கு 1943இலும் 1944இலும் திட்டம் போட்டாரே, அதே அபர்குரோம்பிதான். தாளில் இருந்த கோடுகளை நிலத்தில் இறக்கிக் கட்டடமாக்கியவர் நம் நாட்டுக் கட்டடக்கலைஞர் ஷேர்லி டி அல்விஸ். இவர்களுக்கெல்லாம் மேலே, காலையும் மாலையும் விடாமல் நச்சரித்துக்கொண்டு ஐவர் ஜெனிங்ஸ். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது முதல் துணைவேந்தர் அவர்தான். சட்ட அறிஞர், அரசியலமைப்பு நிபுணர். ஆனால் பேராதனையில் எந்த மரம் எங்கே நடுவது என்பதுவரை தலையிட்டவர். எனக்கு அவருடைய எல்லாக் கருத்துகளும் பிடித்தவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வளாகம் உருப்பட வேண்டுமென்றால் இப்படி ஒரு நச்சரிப்புக்காரர் பத்துப் பன்னிரண்டு வருடம் அதே கதிரையில் இருக்க வேண்டும். அவர் 1955 வரை இருந்தார். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை துணைவேந்தர் மாறி, வருகிறவர் ஒவ்வொருவரும் தன் பெயர்ப்பலகைக்கு ஒரு கட்டடம் தேடினால் எந்த மாஸ்டர் பிளானும் தாங்காது.

அவர்கள் செய்ததில் பெரிய விஷயம் என்ன என்று கேட்டால், மலையோடு மல்லுக்கட்டவில்லை என்பேன். கட்டடங்கள் சரிவின் போக்கிலேயே கிடக்கின்றன. கலஹா வீதி நடுவே போகிறது, மலைப்பக்கம் மேட்டில் விடுதிகள், ஆற்றுப்பக்கம் பெரும்பகுதி பூங்காவாக விட்டது. செனட் கட்டடத்தின் தூண்களும் கூரையும் கண்டி மரபில் இருப்பதைத்தான் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். நான் யாரையாவது கூட்டிப்போனால் முதலில் 'வள'வுக்குத்தான் கூட்டிப்போவேன். வள என்றால் சிங்களத்தில் குழி. சரிவில் ஒரு பள்ளம், அதை மண் போட்டு நிரப்பிக் கட்டடம் வைக்காமல் திறந்தவெளி அரங்காக்கினார்கள். சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திரவின் நாடகங்கள் அங்கே நடந்து நடந்து இப்போது அரங்குக்கே அவருடைய பெயர். சிங்கள நாடகத்துக்கு அவர் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்த நம்முடைய பேராசிரியர் சு. வித்தியானந்தன், அதே வளாகத்தின் தமிழ்ப் பிள்ளைகளை வைத்து 1960களில் கூத்தை மேடையேற்றினார், அதுவும் இந்த மண்ணில் விளைந்ததுதான். ஒரு குழியை விட்டுவைத்ததால் வந்ததா என்று கேட்டால், குழியும் ஒரு காரணம்.

மழையையும் சொல்ல வேண்டும். காலை 8 மணி விரிவுரைக்கு விடுதியிலிருந்து குடையோடு இறங்குவோம், சப்பாத்தைப் பையில் வைத்துவிட்டு ரப்பர்ச் செருப்போடு. காலில் அட்டை கடிக்கும், பாதை வழுக்கும். ஆனால் ஒருநாளும் பாதையில் வெள்ளம் நின்று நான் பார்த்ததில்லை, மேலிருந்து வருகிற தண்ணீர் கல் பதித்த கானில் சலசலவென்று எங்களோடு கூடவே இறங்கி ஆற்றுக்குப் போய்விடும். நாங்கள் மலையை ஏசுவோம். கானை வெட்டியவனை ஒருநாளும் நினைத்ததில்லை, ஒழுங்காக ஓடுகிற கானை யார் நினைக்கப்போகிறார்கள்?

1952இல் பெரும்பகுதி கொழும்பிலிருந்து இடம் மாறியது, ஆனால் சம்பிரதாயத் திறப்புவிழா 1954 ஏப்ரலில்தான், மகாராணியோடு வந்திருந்த எடின்பரோ கோமகன் தலைமையில். ஏற்கெனவே பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிற இடத்தை என்னவென்று திறப்பது? வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருப்பதாக அறிவிக்கிறேன் என்கிற மாதிரிச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுப் போனார்.

சரி, இனி அந்தத் திட்டம் எங்கே சறுக்கியது என்று பார்ப்போம். 1942இல் மாணவர் தொகை ஆயிரத்துக்கும் குறைவு. எல்லோரும் விடுதியில் தங்கிப் படிக்கிற பல்கலைக்கழகம் என்பது ஜெனிங்ஸின் கனவு, அந்தக் கணக்கில்தான் விடுதிகளை வரைந்தார்கள். 1960ஐ ஒட்டிச் சிங்களத்திலும் தமிழிலும் படித்த பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குள் வரத் தொடங்க, தொகை மளமளவென்று ஏறியது. ஏறத்தான் வேண்டும், கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது அப்போதுதானே. ஆனால் அறைச் சுவர் அகலவில்லை. நான் போன காலத்தில் இரண்டு கட்டில் போட்ட அறையில் மூன்றாவது ஆள் பாய் விரித்துப் படுப்பார், அவருக்குப் பட்டியலில் பெயர் இருக்காது, சாப்பாட்டில் பங்கு மட்டும் உண்டு. இன்றைக்கு ஒன்பது பீடம், பத்தாயிரத்துக்கும் மேல் மாணவர்கள். இவ்வளவு தொகையை அபர்குரோம்பி நினைத்திருக்க மாட்டார். இருந்தும் ஆற்றங்கரை இன்னும் ஆற்றங்கரையாக இருக்கிறது, மலை மலையாக இருக்கிறது. பொறியியல் பீடம் 1960களில் வந்தபோது அக்கரையில் இடம் இருந்தது, நடைபாலம் போட்டால் போதுமாக இருந்தது. கணக்குப் பிழைத்தது, காணி பிழைக்கவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. யாழ்ப்பாணம். 1974இல் திருநெல்வேலியில் தொடங்கியபோது கையில் இருந்தது பரமேஸ்வராக் கல்லூரி வளவு, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவியது, உள்ளே பரமேஸ்வரன் கோயில். நாட்டுக்கே ஒரு பல்கலைக்கழகம், மற்றதெல்லாம் அதன் வளாகம் என்று இருந்த காலம் அது. அந்தப் பழக்கமோ என்னவோ, 1979இலிருந்து தனிப் பல்கலைக்கழகமாகியும் யாழ்ப்பாணத்தார் வாயில் இன்னும் 'கம்பஸ்'தான். பேராதனைக்கு இருந்த மாதிரி மலையும் இல்லை, ஆறும் இல்லை, காலிக் காணியும் இல்லை. சுற்றிவரக் கிடுகு வேலி, கிணறு, வீடு, கடை. ஆள் கூடக் கூடப் பக்கத்து வளவை வாங்கு, எதிர்வீட்டை வாடகைக்கு எடு, ஒழுங்கை முடிவில் ஒரு மண்டபம் போடு, இப்படித்தான் வளர்ந்தது, இடையில் போர் வேறு. இதைப் பார்த்துத் திட்டமில்லாத வளர்ச்சி என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவ்வளவு அவசரப்பட மாட்டேன். ஊருக்குள் இருக்கிற கம்பஸுக்கு ஒரு உயிர்ப்பு உண்டு. தட்டச்சுக் கடை, போட்டோக்கொப்பிக் கடை, தேநீர்க் கடை, அறை வாடகையில் பிள்ளைகளைப் படிக்க வைத்த வீட்டுக்கார அம்மாக்கள், இதையெல்லாம் எந்த மாஸ்டர் பிளானும் வரைந்து கொண்டுவர முடியாது. ஆனால் விரிய இடமில்லை என்றபோது கிளிநொச்சி அறிவியல் நகருக்குப் போக வேண்டி வந்தது, விவசாயமும் பொறியியலும் இப்போது அங்கே. அங்கே நிலம் தாராளம். தாராளமான நிலத்தில்தான் பயம் எனக்கு. கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே வன்னி வெயிலில் நடந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். நிழல் இல்லாத 400 மீட்டர், நிழல் உள்ள ஒரு கிலோமீட்டரைவிடத் தூரம்.

நிழல் என்றதும் மாத்தறை நினைவுக்கு வருகிறது. அங்கே ருகுணு பல்கலைக்கழகத்தைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1980களில் செய்தார். கடலோரம், குன்றுகள், இடையில் பள்ளம். குன்றை வெட்டிச் சமப்படுத்தாமல், சின்னச் சின்ன ஓட்டுக்கூரைக் கட்டடங்களாகச் சரிவில் இறக்கி, அவற்றைக் கூரை போட்ட நடைபாதைகளால் கோத்துவிட்டார். பள்ளத்தில் தண்ணீரைத் தேக்கி ஏரியாக்கினார். மழை பெய்தாலும் வெயில் எரித்தாலும் ஒரு வகுப்பிலிருந்து மற்ற வகுப்புக்குத் தலை நனையாமல் பெரும்பாலும் போய்விடலாம். பிள்ளைகள் அந்த நடைபாதைத் திண்ணையில் உட்கார்ந்து படிக்கிறார்கள், காதலிக்கிறார்கள், உண்ணாவிரதமும் இருக்கிறார்கள். திண்ணைக்குத் தனியாகச் செலவுக் கணக்குக் காட்டினால் நிதிப்பகுதி வெட்டிவிடும் என்பது வேறு கதை.

இன்றைக்குத் திட்டம் போட உட்காருகிறவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. முதல் வருடம் ஒரு கட்டடமும் வரையாதீர்கள், ஒரு மாரியும் ஒரு கோடையும் அந்த நிலத்தில் நடவுங்கள். நிற்கிற மரங்களை எண்ணி வரைபடத்தில் ஏற்றுங்கள். குழாய், மின்கம்பி, இணையக் கம்பி எல்லாம் ஒரே பாதையில் போகிற மாதிரி முதலிலேயே ஒரு கால்வாய் ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வருடத்துக்கு மூன்று தடவை ஒரே றோட்டைக் கிண்டுவீர்கள். தீயணைப்பு வண்டி திரும்ப இடம் விடுங்கள். பிறகு, பிள்ளைகள் நடக்கிற தடத்தைப் பாருங்கள். நான் சொன்ன அதே பல்கலைக்கழகத்தில் நூலகத்துக்கு முன்னால் ஒரு பூப்பாத்தி, 'குறுக்கே நடக்க வேண்டாம்' என்று பலகை, பலகையைச் சுற்றிக்கொண்டு அழகாக ஒரு ஒற்றையடிப்பாதை. தோட்டக்காரர் அந்த வேலியை நாலு தரம் கட்டிவிட்டாராம். நாலாம் தரமாவது பாதைக்குக் கல் பதித்திருக்கலாம்.

அந்தக் குழுவுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். திட்டத்தைத் திருப்பி அனுப்பினோம். ஐப்பசி மழை தொடங்கியதும் அந்த மேற்பார்வையாளரிடம் வரைபடத்தின் ஒரு பிரதியைக் கொடுத்து, தண்ணீர் நிற்கிற இடங்களை நடந்து பார்த்துக் குறித்துத் தாருங்கள் என்று கேட்டோம். மூன்று கிழமை கழித்துக் கொண்டுவந்தார். தாள் நனைந்து காய்ந்து அப்பளம் மாதிரி இருந்தது, நீலப் போல்பேனையால் வட்டம் வட்டமாகப் போட்டு, சிலதில் 'கணுக்கால்', சிலதில் 'முழங்கால்' என்று எழுதியிருந்தார். அதில் ஆகப் பெரிய வட்டம் வரைபடத்தின் நீரூற்றைச் சுற்றித்தான். அதைக் காட்டிச் சிரிக்காமல் சொன்னார்: "இதிலை பவுண்டனுக்குக் காசு ஒதுக்கத் தேவையில்லை சேர். கார்த்திகையிலை அது தானா வரும்."