ஸ்பார்ட்டா விழுந்தது லியூக்ட்ராவுல இல்ல, மெசீனியாவுல

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வந்திருக்குற எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்குத் தலைப்பு, பழைய கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவை வீழ்த்துனது, கிமு 371-ல இன்னொரு கிரேக்க நகரமான தீப்ஸ் கிட்ட அது தோத்த லியூக்ட்ரா போரா, இல்ல அதுக்கப்புறம் அதோட பிடியில இருந்த மெசீனியா நாட்டுக்குக் கிடைச்ச விடுதலையா? எங்க அணி மெசீனியா பக்கம். எதிரணித் தலைவர் போர்க்களத்தை அப்படியே கண்ணு முன்னாடி கொண்டு வந்துட்டார், 12 வரிசை ஆழத்துல நின்ன ஸ்பார்ட்டாக்காரங்க மேல தீப்ஸ் தளபதி எபமினோண்டஸ் இடது பக்கம் 50 வரிசைக்கு ஆளை அடுக்கி மோதினது, பெலோபிடாஸோட 300 பேர் படை பாஞ்சது, ராஜா கிளியோம்ப்ரோட்டஸ் விழுந்தது, அங்க இருந்த 700 ஸ்பார்ட்டா குடிமக்கள்ல 400 பேர் செத்தது. எதையும் நான் மறுக்கல. ஆனா அந்தச் சேதி ஊருக்குப் போய்ச் சேர்ந்தப்போ என்ன நடந்துச்சுன்னு சொல்லாமலே உக்காந்துட்டார், அதை நான் சொல்றேன்.

அன்னைக்கு ஒரு திருவிழாவோட கடைசி நாள், அரங்குல ஆம்பளைங்க பாட்டுக்குழு பாடிட்டு இருக்கு. எஃபோர்னு சொல்ற அந்த ஊரு அதிகாரிங்க நிகழ்ச்சியை நிறுத்தவே இல்ல, முழுசா நடக்க விட்டாங்க. செத்தவங்க பேரை அந்தந்த வீட்டுக்குச் சொல்லிட்டு, பொம்பளைங்க யாரும் சத்தம் போட்டு அழக் கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க. மறுநாள் பார்த்தா புள்ளையைப் பறிகொடுத்தவங்க முகம் மலர்ந்து தெருவுல நடக்குறாங்க, புள்ள உயிரோட இருக்கான்னு சேதி வந்தவங்க தலை குனிஞ்சு போறாங்க, அதுவும் வெளியில வந்தவங்களே கொஞ்சப் பேர் தான். இதை எழுதி வச்சது செனஃபோன், அந்தக் காலத்துலயே வாழ்ந்தவர், ஸ்பார்ட்டாவுக்கு வேண்டியவர். சொல்லுங்க, ஒரே அடியில ஒடிஞ்சு போன ஊரா இது?

தோல்வி அவங்களுக்குப் புதுசும் இல்ல. கிமு 425-ல ஸ்பாக்டீரியா தீவுல ஸ்பார்ட்டா குடிமக்களே 120 பேர் போல ஆயுதத்தைக் கீழ போட்டு ஏதென்ஸுக்குக் கைதியா போனாங்க, 394-ல நைடஸ் கடல் போர்ல கப்பல் படையே போச்சு, 390-ல கொரிந்த் பக்கத்துல ஏதென்ஸோட லேசான ஆயுதம் வச்சிருந்த ஆளுங்க ஒரு பிரிவையே சிதைச்சு சுமார் 250 பேரைக் கொன்னாங்க. ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்தாங்களே, எப்படி? சோறு போட மெசீனியா இருந்துச்சு!

இத நல்லா புரிஞ்சுக்கணும். ஸ்பார்ட்டா குடிமகன் ஏர் பிடிக்க மாட்டான், அவனுக்குத் தொழிலே போர்ப்பயிற்சி தான். மாசாமாசம் பொதுச் சாப்பாட்டுக் கூடத்துக்கு பார்லி, ஒயின், சீஸ், அத்திப்பழம்னு அவன் பங்கைக் குடுக்கணும், குடுக்க முடியலன்னா குடியுரிமையே போயிடும். அந்தப் பங்கை விளைய வச்சது ஹெலட்னு சொல்ற அடிமைங்க, அதுல பெரும்பாலானவங்க பக்கத்து நாடான மெசீனியாவைப் பிடிச்சப்போ சொந்த மண்ணுலயே அடிமையா ஆக்கப்பட்டவங்க. விளைச்சல்ல பாதியை எஜமானுக்கு அளக்கணும், எஜமான் செத்தா அவங்களும் அழணும். எஃபோர்கள் வருஷா வருஷம் பதவிக்கு வந்ததும் ஹெலட்டுங்க மேல முறைப்படி போர் அறிவிப்பாங்க, அப்ப தானே அவங்களைக் கொன்னா பாவம் இல்ல! போர்ல நல்லா உழைச்ச சுமார் 2000 ஹெலட்டுங்களுக்கு விடுதலை தர்றோம்னு மாலை போட்டு கோயிலைச் சுத்த வச்சு, அப்புறம் அத்தனை பேரையும் சத்தமில்லாம தீர்த்துக் கட்டுனாங்கன்னு கிரேக்க வரலாற்று ஆசிரியர் தூசிடிடீஸ் எழுதுறார். படிக்கும்போது எனக்கு வயிறு எரியுது. இப்படி எத்தனையோ தலைமுறையா நடந்துச்சுங்க!

இப்ப எபமினோண்டஸ் கிட்ட வர்றேன். கிமு 370-369 குளிர்காலத்துல ஸ்பார்ட்டாவைச் சுத்தி இருக்குற லக்கோனியாவுக்குள்ள இறங்குறார், எதிரி முகாமோட புகையையே பார்க்காத ஸ்பார்ட்டா பொம்பளைங்க முதல் தடவையா அதைப் பார்த்தாங்க. ஆனா ஊரைப் பிடிக்கல, யூரோட்டாஸ் ஆத்துல வெள்ளம், கிழட்டு ராஜா அஜெசிலாஸ் மதில் இல்லாத ஊரைக் காப்பாத்திட்டார். எதிரணி நண்பர் ஒருத்தர் இதைச் சொல்லி "அப்ப அந்தப் படையெடுப்பு தோல்வி தானே"ன்னு கேட்டார். ஐயா, ஊரைப் பிடிக்காம மெசீனியாவுக்குப் போனாரே, அடி அங்க தான் விழுந்துச்சு! 369-ல இத்தோமி மலை அடிவாரத்துல மெசீன்னு புது நகரம், சுத்தி 9 கிலோமீட்டர் கல் மதில், இத்தாலி, சிசிலி, ஆப்பிரிக்கான்னு ஓடிப் போய் வாழ்ந்த மெசீனியாக்காரங்களுக்கெல்லாம் அழைப்பு போச்சு, புல்லாங்குழல் வாசிக்க வாசிக்க சுவர் எழும்புச்சாம். அந்த மதிலும் ஆர்க்கேடியா வாசலும் இன்னைக்கும் நிக்குது.

"லியூக்ட்ரா இல்லாம மெசீன் ஏது"ன்னு கேப்பீங்க. ஜெயிச்சதால வழி திறந்துச்சு, சரி. ஆனா அதோட வீட்டுக்குப் போயிருந்தா ஸ்பார்ட்டா மறுபடி எழுந்திருக்கும், ஏற்கெனவே 3 தடவை எழுந்ததைத் தான் சொன்னேனே. தீப்ஸ் ஒண்ணும் உத்தம ஊரு இல்ல, 364-ல பக்கத்து ஊரான ஆர்க்கோமெனஸை அழிச்சு ஜனங்களை அடிமையா வித்தது அதே தீப்ஸ் தான், எபமினோண்டஸ் அப்ப ஊருல இல்ல. அதனால தான் அவர் மெசீனியாவுல செஞ்சதை நான் இன்னும் பெருசா நினைக்கிறேன்.

கடைசியா ரெண்டு சாட்சி. தீப்ஸ்ல இருந்த எபமினோண்டஸ் சிலைக்குக் கீழ பொறிச்ச பாட்டை, பின்னாடி கிரீஸைச் சுத்திப் பார்த்து எழுதுன பௌசானியஸ் எழுதி வச்சிருக்கார். ஸ்பார்ட்டாவோட பெருமை போனது, மெசீன் தன் பிள்ளைங்களைத் திரும்பப் பெற்றது, மெகலோபோலிஸ்ங்குற நகரத்துக்கு மதில் வந்தது, கிரீஸ் சுதந்திரமானது, எல்லாம் இருக்கு, லியூக்ட்ராங்குற பேரு மட்டும் இல்ல. இன்னொரு சாட்சி ஸ்பார்ட்டாவே தான். லியூக்ட்ரா முடிஞ்சதும் தோத்தோம்னு ஒத்துக்கிட்டு சடலங்களைக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. 362-ல மாண்டினியா போர்ல எபமினோண்டஸ் செத்த பிறகு மத்த கிரேக்க நகரங்கள் எல்லாம் சமாதானம் பேசுனப்போ, மெசீனையும் ஒரு நகரமா சேர்த்துட்டாங்கன்னு ஸ்பார்ட்டா மட்டும் கையெழுத்து போடாம வெளிய நின்னுச்சு. எது வலிச்சதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க நடுவர் அவர்களே, தீர்ப்பை நீங்க சொல்லுங்க, நன்றி.