சர்வர் பிரச்சினையா? மொட்டையாகக் கேட்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

1991 ஜூலை 3 அன்று, ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பயனர்களிடம் இணையவழியே ஒரு கேள்வி கேட்டார். மினிக்ஸில் ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறேன், அதற்குப் போசிக்ஸ் தர வரையறை வேண்டும், முடிந்தால் கணினியில் படிக்கிற வடிவில், எங்கே கிடைக்கும்? போசிக்ஸ் என்பது இயங்குதளங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வகுத்த பொது விதிகள். கேள்வி மொத்தமே சில வரிகள்தான். எதற்கு, என்ன, எந்த வடிவில் என்பதெல்லாம் அதற்குள் இருந்தன. அந்த வேலைதான் பிறகு லினக்ஸ் இயங்குதளம் ஆயிற்று.

இன்று லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்கள் இணைய மன்றங்களில் கேட்கிற கேள்விகளில் பல, "சைட் ஓபன் ஆகவில்லை, அவசரம், உதவுங்கள்" என்று மொட்டையாக நிற்கின்றன. பதில் சொல்ல மனமுள்ளவர்கள் இருக்கிறார்கள். சம்பளம் இல்லாமல், தங்கள் ஓய்வு நேரத்தில் சொல்கிறார்கள். ஆனால் உங்கள் திரை அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் எழுதுவதுதான் அவர்கள் கையில் இருப்பதெல்லாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். பிரவுசரில் "502 பேட் கேட்வே" என்று வருகிறது. வலைப்பக்கங்களை அனுப்பும் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள் ஓடுகிறது, அதன் பின்னால் இருக்கிற நிரலிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். காரணம் பத்து இருக்கலாம். இதை மட்டும் எழுதினால் எதிரில் இருப்பவர் குருட்டாம்போக்கில்தான் சொல்ல வேண்டும். சரி, என்ஜின்எக்ஸின் எர்ரர் லாக்கை, அதாவது பிழைகள் பதிவாகும் ஃபைலைத் திறந்து கடைசி வரியைப் பாருங்கள். சைட்டின் நிரலை ஓட்டும் பிஎச்பி 8.1-இன் சாக்கெட்டை (இரண்டு நிரல்கள் பேசிக்கொள்ள உதவும் ஃபைலை) என்ஜின்எக்ஸ் தேடியதாகவும், "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி", அதாவது அப்படி ஒரு ஃபைல் இல்லை என்றும் இருக்கிறது. அந்த வரியை அப்படியே போட்டு, "நேற்று உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்கு மாறினேன்" என்று ஒரு வாக்கியம் சேருங்கள். விஷயம் தெரிந்தவர் உடனே பிடித்துவிடுவார். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் 22.04-உடன் வருவது பிஎச்பி 8.1, 24.04-உடன் வருவது 8.3. என்ஜின்எக்ஸ் இன்னும் பழைய சாக்கெட்டையே தேடிக்கொண்டிருக்கிறது.

அந்த வரியை உங்கள் சொந்த வார்த்தையில் சுருக்கிவிடாதீர்கள். அதே இடத்தில் "பெர்மிஷன் டினைடு" என்று இருந்தால் பிரவுசரில் வருவது அதே 502தான், ஆனால் கோளாறு வேறு. சாக்கெட் இருக்கிறது, திறக்க அனுமதி இல்லை. "ஏதோ சாக்கெட் எர்ரர்" என்று எழுதினால் இந்த வித்தியாசமே போய்விடும். திரையைப் போட்டோ எடுத்தும் அனுப்ப வேண்டாம். எழுத்தாக இருந்தால்தான் காப்பி செய்து தேட முடியும். பாஸ்வேர்டு, பிரைவேட் கீ இரண்டையும் மறக்காமல் மறைத்துவிடுங்கள்.

இன்னொன்று, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. "பெரிய ஃபைல்களைக் கண்டுபிடித்து அழிக்க என்ன கட்டளை?" என்று ஒருவர் கேட்கிறார். கட்டளை கிடைக்கிறது, அழிக்கிறார், பிரச்சினை தீரவில்லை. அவருக்கு உண்மையில் வந்தது "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்ற செய்தி. டிஸ்க்கில் பாதி இடம் காலியாகத்தான் இருந்தது. தீர்ந்துபோனது ஐநோடு, அதாவது ஃபைலுக்கு ஒன்றாக டிஸ்க்கில் ஒதுக்கும் குறிப்பு இடம். லட்சக்கணக்கான குட்டிக் குட்டி செஷன் ஃபைல்கள் அதைத் தின்றுவிட்டன. டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையோடு மைனஸ் ஐ (df -i) சேர்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் தனக்குத் தோன்றிய தீர்வைப் பற்றிக் கேட்டார், வந்த கோளாறைச் சொல்லவே இல்லை. உங்கள் ஊகத்தையும் சொல்லுங்கள், தவறில்லை. ஆனால் முதலில் நடந்ததைச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தீர்களா, எந்த ஃபைலில் எந்த வரியை மாற்றினீர்கள் என்பதெல்லாம் வேண்டும். இல்லாவிட்டால் பதில் சொல்பவர் நீங்கள் செய்து பார்த்ததிலிருந்தே மறுபடி தொடங்குவார்.

அப்புறம், சரியானதும் எழுந்து போய்விடாதீர்கள். "என்ஜின்எக்ஸ் அமைப்பில் 8.1 என்று இருந்ததை 8.3 என்று மாற்றி ரீலோடு செய்தேன், சைட் வந்துவிட்டது" என்று அங்கேயே ஒரு வரி போடுங்கள். அடுத்த மாதம் அதே பிழைச் செய்தியைத் தேடி வருகிறவர் கேட்காமலேயே விடை பெற்றுப் போவார்.

நன்றி, வணக்கம்.