ஒரு லீற்றர் ஒயில் நாலு பரப்புக் கடலை மூடும்! துறையில் நின்றே கண்டுபிடிப்பது எப்படி?

(காட்சி: இறங்குதுறை ஓரம். தண்ணீரில் நிறம் நிறமாக ஒரு படலம்.)

வணக்கம் உறவுகளே! இந்தத் தண்ணீரைப் பாருங்கள். நீலம், ஊதா, மஞ்சள் என்று மினுங்குகிறது. இது படகிலிருந்து வந்த ஒயிலா, சேற்றில் தானாக உண்டான படலமா? ஆய்வுகூடம் வேண்டாம், ஓர் ஈர்க்கு போதும்.

ஈர்க்கால் படலத்தைக் கீறுங்கள். கீறின இடம் உடனே ஓடிவந்து மூடிக்கொண்டால் எண்ணெய். துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் அது பெரும்பாலும் இரும்புச்சத்தில் வாழும் பக்டீரியா. கண்டல் சேற்றோரங்களில் அது வரக்கூடியதுதான், பயப்பட வேண்டாம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணக் கடல்நீரேரி ஆழம் குறைந்தது. வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்குள்தான். பண்ணைத் தாம்போதி மாதிரியான வீதிகளும் நீரோட்டத்தை மறிக்கின்றன. குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் விழுகிற அழுக்கு இலேசில் வெளியே போகாது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

(காட்சி: படலத்தின் நிறங்கள் அருகிலிருந்து)

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஐரோப்பாவின் வடகடலைச் சுற்றியுள்ள நாடுகள், ஜேர்மனியின் பொன் (Bonn) நகரின் பெயரில் உள்ள கடல் மாசு உடன்படிக்கையின் கீழ் விமானத்தில் பறந்து, கடலில் மிதக்கும் எண்ணெயை அதன் நிறத்தை வைத்தே அளக்கின்றன. மங்கலான வெள்ளி மினுக்கம் என்றால் படலத்தின் தடிப்பு 0.3 மைக்ரோமீற்றருக்கும் குறைவு. வானவில் நிறம் தெரிந்தால் 0.3 முதல் 5 வரை. நிறமெல்லாம் போய் உலோகப் பளபளப்பு வந்தால் 5 முதல் 50 வரை. ஒரு மைக்ரோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு!

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு லீற்றர் ஒயில் ஒரு மைக்ரோமீற்றர் தடிப்பில் பரவினால் 1000 சதுர மீற்றர். எங்கள் ஊர்க் காணிக் கணக்கில் ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அப்படியென்றால் ஒரு லீற்றர் சோடாப் போத்தல் நிறையக் கழிவொயில் நாலு பரப்புக் கடலை மூடிவிடும். இதைக் கணக்குப் போட்ட நாளிலிருந்து துறையில் கிடக்கும் வெறும் ஒயில் போத்தலைக் கண்டாலே எனக்குப் பதறுகிறது.

இவ்வளவும் எங்கிருந்து வருகிறது? படகின் பின்புறம் பூட்டும் பழைய 2 ஸ்ட்ரோக் வெளியிணைப்பு எஞ்சின்களில் ஊற்றும் எரிபொருளில் கால்வாசி வரை எரியாமலே தண்ணீருக்குள் போகலாம். அப்புறம், படகின் அடியில் தேங்கி ஒயிலோடு கலந்த தண்ணீரை இறைத்து ஊற்றுவது. ஆனால் கழிவொயிலை ஊற்ற ஒரு பீப்பாகூட வைக்காத துறையில் தொழிலாளியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. முதலில் பீப்பாவை வையுங்கள், பிறகு சட்டம் பேசலாம்.

(காட்சி: கொப்பியில் எழுதும் கை)

அதிகாரிகள் வந்து ஒரு போத்தல் தண்ணீர் எடுத்தால் அந்த ஒரு நாள்தான் தெரியும். ஒவ்வொரு நாளும் துறையில் நிற்பவர்கள் கடற்றொழிலாளர்கள். சங்கக் கட்டடத்தில் ஒரு கொப்பி போதும். ஒரே இடம், ஒரே நேரம். திகதி, காற்று சோளகமா வாடையா, தண்ணீர் வற்றா பெருக்கா, படலத்தின் நிறம், மணம், செத்த மீன் இருந்ததா என்று எழுதுங்கள், ஒரு படமும் எடுங்கள். ஒன்றுமே தெரியாத நாளிலும் ‘இன்று ஒன்றுமில்லை’ என்று கட்டாயம் எழுத வேண்டும். சுத்தமான நாட்களின் பதிவு இருந்தால்தான் அழுக்கு எந்தக் காற்றோடு, எந்த நேரத்தில் வருகிறது என்று பிடிக்க முடியும்.

தண்ணீரில் கலக்கும் மலக்கழிவு ஒயிலைப்போலக் கண்ணுக்குத் தெரியாது, அதற்கு ஆய்வுகூடம் வேண்டும். கடல்நீரில் மலக்கழிவைக் காட்டிக்கொடுக்கும் என்டரோகொக்கை என்ற பக்டீரியாவைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மலத்தில் இருக்கும் இன்னொரு பக்டீரியாவான ஈ.கோலை உப்புநீரில் சீக்கிரம் செத்துவிடும், அதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். கிருமி நீக்கிய போத்தலில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, 6 மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிடுங்கள். மீன்பிடித் துறையில் ஐஸ் பெட்டிக்கா பஞ்சம்!

முறைப்பாடு செய்ய வேண்டிய இடம் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபை. 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசுத் தடுப்புச் சட்டம் கையில் இருக்கிறது. வெறும் கையோடு போகாமல் கொப்பியின் பிரதியோடு போங்கள்.

மயிலிட்டி, பருத்தித்துறை, காரைநகர் உறவுகளே, உங்கள் துறையில் படலம் எந்த நேரத்தில் அதிகம்? ஈர்க்கால் கீறிப் பார்த்துவிட்டுத் திகதியோடு கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவில் துறை துறையாக அட்டவணை போட்டுக் காட்டுகிறேன்.